ஸ்லைடுகளை ஏற்றிவிட்டால் பாடம் ஆன்லைனுக்கு வந்துவிடுமா?

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் புள்ளியியல் உதவிப் பேராசிரியராக இருந்தேன். இப்போது மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் எஜுகேஷனல் டிசைனராக ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறேன். பொதுச் சுகாதாரம் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர்களுக்கான உயிர்ப்புள்ளியியல் யூனிட் (ஒரு செமஸ்டர் பாடம்) ஒன்றை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றுவதுதான் என் முதல் வேலை. 180 மாணவர்கள். மார்ச்சில் வகுப்பு, கையில் ஆறு வாரம் இருக்கிறது. பாடத்தை நடத்தும் பேராசிரியர் 12 வாரத்து ஸ்லைடுகளையும் தலா இரண்டு மணி நேர லெக்சர் ரெக்கார்டிங்குகளையும் அனுப்பி, "மூடிலில் அழகாக ஏற்றிவிடுங்கள்" என்கிறார். மூடில்தான் இங்கே பாடங்களை நடத்தும் ஆன்லைன் தளம். மதிப்பீடு: இரண்டு க்விஸ், தலா 25 மதிப்பெண், கடைசியில் 2000 சொல் அறிக்கை, 50 மதிப்பெண். அவர் துறையில் பெரியவர். மாற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொன்னபடி ஏற்றிவிடுவதா? ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற பாடம் உருவாக்கும் மென்பொருளைக் கற்றுக்கொண்டால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஏற்ற வேண்டாம். முதல் வாரம் மூடிலைத் திறக்காமலே வேலை செய்யுங்கள். இருபத்து நான்கு மணி நேர ரெக்கார்டிங்கை அப்படியே அடுக்கிவைத்தால் மாணவர் முதல் வாரம் பார்ப்பார், இரண்டாம் வாரம் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பார், நான்காம் வாரத்தில் க்விஸுக்கு முந்தைய இரவு மட்டும் ஸ்லைடைப் புரட்டுவார். வகுப்பறையில் அதே லெக்சர் ஓடியதற்குக் காரணம், நடத்துகிறவர் முகங்களைப் பார்த்து வேகத்தை மாற்றியதும், நடுவில் கேள்வி கேட்டதும், பக்கத்தில் இருந்தவனிடம் மாணவர் சந்தேகம் கேட்டுக்கொண்டதும்தான். ரெக்கார்டிங்கில் அதெல்லாம் உதிர்ந்துபோய், பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு வாரமும் மாணவர் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார் என்பதைப் பேராசிரியரோடு சேர்ந்து முடிவு செய்வதுதான் உங்கள் வேலையின் மையம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற தட்டச்சு வேலை.

முதலில் எதை மாற்றலாம், எதைத் தொட முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் யூனிட்டின் கற்றல் விளைவுகள், மதிப்பீட்டின் வகை, எத்தனை சதவீதம் என்பவையெல்லாம் பாடத்திட்டக் குழு பல மாதங்களுக்கு முன்பே ஒப்புதல் தந்து கையேட்டில் வெளியானவை. ஆறு வாரத்தில் 25-25-50 என்பதை நீங்கள் மாற்ற முடியாது. அதை மாற்றச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பேராசிரியருக்கும் எரிச்சல் வரும், உங்களுக்கும் ஒரு வாரம் வீணாகும். ஆனால் அந்த அறிக்கையில் என்ன கேட்கப்படுகிறது, க்விஸில் எந்த மாதிரிக் கேள்விகள், வாராந்தரச் செயல்கள், ரூப்ரிக்கின் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை) சொற்கள் ஆகியவை பெரும்பாலும் யூனிட்டை நடத்துகிறவரின் கையில் இருக்கும். எந்த மாற்றம் எந்தப் பக்கம் சேரும் என்று சந்தேகம் வந்தால் ஃபேகல்டியின் கல்வி அலுவலகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பேராசிரியரோடு ஒரு மணி நேரச் சந்திப்பு. அவர் பெரியவர் என்பதால் வரும் தயக்கம் இயல்பானது. அங்கே பெயர் சொல்லி அழைப்பார்கள், நீங்களும் அப்படித்தான் அழைக்க வேண்டியிருக்கும். அது சில வாரங்களில் பழகிவிடும். அதைவிட முக்கியம், நீங்கள் எதிர்த்துப் பேசவே தேவையில்லை, கேள்வி கேட்டால் போதும். உள்ளடக்கம் அவருடையது, இறுதி முடிவும் அவருடையது. "கற்பித்தல் முறை", "மாணவர் ஈடுபாடு" போன்ற சொற்களை அந்தச் சந்திப்பில் எடுக்காதீர்கள். இரண்டாவது நிமிடத்திலேயே அவர் கவனம் கலைந்துவிடும். இவற்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு அறிக்கைகளைத் திருத்தியபோது திரும்பத் திரும்ப வந்த தவறு எது? எந்த வாரத்துக்குப் பிறகு மின்னஞ்சல்கள் குவிந்தன? இந்த யூனிட்டை முடித்த மாணவர் அடுத்த ஆண்டுப் பாடத்துக்குப் போகும்போது எதைச் செய்யத் தெரியாமல் வந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்? எந்த ஸ்லைடுகளை நீங்களே வேகமாகத் தாண்டிப் போவீர்கள்? பத்தாண்டு அனுபவம் இந்த நான்கு பதில்களில் வெளியே வந்துவிடும். கடைசிக் கேள்விக்கான பதிலிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஸ்லைடுகள் தாமாகவே கழன்றுவிழுவதைப் பார்ப்பீர்கள்.

உங்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் புள்ளியியல் தெரிந்தவர். அது பெரிய பலம். ஆனால் ஸ்லைடில் ஒரு சூத்திரம் உங்களுக்குப் பிடிக்காத வகையில் இருந்தால் அதைத் திருத்தி எழுதக் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் சுட்டிக்காட்டலாம். பாணியை மாற்றத் தொடங்கினால் அன்றோடு உங்களை அவர் இன்னொரு விரிவுரையாளராகப் பார்ப்பார், போட்டியாகவும் பார்ப்பார். சந்திப்பு முடிந்த அன்றே மூன்று வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். ஆறு வாரத் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்று வரி இல்லாத இடத்தில்தான்.

இப்போது யூனிட்டின் வரைபடம். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த கருத்து இன்றும் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். மாணவர் எதைச் செய்யக் கற்க வேண்டும், அதைக் கற்க வாரந்தோறும் என்ன செய்கிறார், கடைசியில் எதை வைத்து அளக்கிறோம் என்ற மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு விரிதாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: வாரம், கற்றல் விளைவு, மாணவர் செயல், அது எந்த மதிப்பீட்டில் பயன்படுகிறது. உங்களுக்கு வந்த பொருளை வைத்து நிரப்பினால் மூன்றாம் பத்தியில் "லெக்சர் பார்த்தல், கட்டுரை வாசித்தல்" என்பதே பன்னிரண்டு முறை வரும். அந்தத் தாளைப் பேராசிரியரிடம் காட்டுங்கள். நீங்கள் வாதாட வேண்டியதைத் தாளே சொல்லிவிடும். இறுதி அறிக்கையில் "ஒரு ஆய்வின் முடிவுகளை விளக்குக" என்று கேட்கிறார். ஆனால் பதினோரு வாரமும் மாணவர் ஒரு முடிவைக்கூடச் சொந்தச் சொற்களில் விளக்கிப் பழகவில்லை. இது போன்ற ஓட்டை உயிர்ப்புள்ளியியல் போன்ற பாடங்களில் எப்போதும் இருக்கும், ஏனென்றால் கணக்கிடுவதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பொருள் சொல்வதை அளக்கிறோம்.

கற்றல் விளைவுகளின் சொற்களைக் கையேட்டில் மாற்ற முடியாவிட்டாலும், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு சிறு இலக்கு எழுதலாம். "பி-மதிப்பைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை யாராலும் பார்த்து உறுதிசெய்ய முடியாது. "வெளியான கட்டுரையின் அட்டவணை ஒன்றைக் கொடுத்தால், அதிலுள்ள நம்பிக்கை இடைவெளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் புள்ளியியல் தெரியாத ஒரு சுகாதாரப் பணியாளருக்கு நான்கு வரியில் எழுதுவார்" என்றால் அந்த வாரத்துச் செயல் அதிலேயே இருக்கிறது. (பி-மதிப்பு என்பது தொடர்பே இல்லாதபோது இந்த அளவுக்கோ அதற்கு மேலோ உள்ள முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு; நம்பிக்கை இடைவெளி என்பது உண்மையான அளவு இருக்கக்கூடும் என்று தரவு காட்டும் எல்லை.)

பிறகு மணிக்கணக்கு. இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு மாணவர் மொத்தம் எத்தனை மணி நேரம் செலவிட வேண்டும் என்று பல்கலைக்கழகமே சொல்லியிருக்கும். மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 6 கிரெடிட் யூனிட்டுக்கு 144 மணி நேரம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 12.5 பாயின்ட் பாடத்துக்கு 170 மணி நேரம். உங்கள் யூனிட்டுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு க்விஸுக்குத் தலா 6 மணி, அறிக்கைக்கு 24 மணி என 36 போனால் மிச்சம் 114. பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஒன்பதரை மணி. இந்த எல்லைக்குள்தான் எல்லாமே அடங்க வேண்டும். 6000 சொல் ஆய்வுக் கட்டுரையைப் புதிய கருத்துகளோடு போராடிக்கொண்டே வாசிக்கிற மாணவருக்கு நிமிடத்துக்கு 100 சொல் என்று கணக்கு வையுங்கள். குறிப்பும் எடுத்தால் ஒன்றரை மணி நேரம். வாரம் மூன்று கட்டுரை என்று ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் நான்கரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது. பேராசிரியர்கள் பட்டியலைக் குறைக்கச் சம்மதிப்பது இந்தக் கூட்டலைப் பார்த்த பிறகுதான்.

செயல்களைத் தேர்ந்தெடுக்க லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்தின் ஏபிசி முறை நல்ல கருவி. கிளைவ் யங்கும் நடாஷா பெரோவிச்சும் உருவாக்கியது. கல்வியாளர் டயானா லாரிலார்டின் ஆறு கற்றல் வகைகளை அட்டைகளாக வைத்து ஒன்றரை மணி நேரத்தில் முழு யூனிட்டையும் மேசையில் பரப்பிப் பார்ப்பது. கேட்டும் வாசித்தும் பெறுதல், தேடி ஆராய்தல், பயிற்சி, கலந்துரையாடல், கூட்டுவேலை, படைத்துக் காட்டுதல் என்பவை அந்த ஆறு. பேராசிரியருக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்காது என்றால் ஆறு நிறத்தில் ஒட்டுத்தாள் வாங்கி நீங்களே பரப்பி, படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே நிறம் வரிசையாக நிற்கிற இடங்களை மட்டும் பேசினால் போதும்.

பிறகு ஒரே ஒரு வாரத்தை மட்டும் முழுமையாகக் கட்டுங்கள். முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் அறிமுகமும் விதிமுறையும் கலந்திருப்பதால் மற்ற வாரங்களுக்கு மாதிரியாகாது. நம்பிக்கை இடைவெளி வருகிற நான்காம் வாரம் சரியாக இருக்கும். கணக்கு இப்படி வரலாம்: சென்ற வாரத்தை நினைவிலிருந்து எழுதும் மூன்று கேள்விகள் 15 நிமிடம், மூன்று குறுவீடியோக்களும் இடையிடையே கேள்விகளும் 45, முழுதாகச் செய்து காட்டிய கணக்கை வரிக்கு வரி படித்தல் 40, பாதி நிரப்பிய கணக்கை முடித்தல் 60, மென்பொருளில் தரவை ஓட்டிப் பார்த்தல் 90, ஒரு கட்டுரை 90, குழுக் கலந்துரையாடல் 60, நேரலை ட்யூட்டோரியலும் அதற்கான தயாரிப்பும் 90, அறிக்கைக்கான சிறு பகுதி 60. மொத்தம் 550 நிமிடம், அதாவது ஒன்பது மணி பத்து நிமிடம். எல்லைக்குள் இருக்கிறது.

செய்து காட்டிய கணக்கிலிருந்து பாதி நிரப்பியதற்கும், பிறகு தனியாகச் செய்வதற்கும் படிப்படியாகப் போகிற வரிசை முக்கியம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்வெல்லரும் அவரைத் தொடர்ந்தவர்களும் அறிவுச்சுமை பற்றிச் செய்த ஆய்வுகள் காட்டியது இதுதான். புதிதாகக் கற்பவர் தனியாகக் கணக்கோடு மல்லுக்கட்டும்போது வழியைத் தேடுவதிலேயே நினைவாற்றல் தீர்ந்துவிடுகிறது, கருத்து பதிவதில்லை. அதே சமயம் ஓரளவு தேர்ந்த மாணவருக்குச் செய்து காட்டிய கணக்கையே தொடர்ந்து கொடுத்தால் அதுவே தடையாகிறது. ஆகவே எட்டாம் வாரத்துக்குப் பிறகு ஊன்றுகோலை எடுத்துவிடுங்கள்.

மாதிரி வாரத்துக்குப் பேராசிரியரின் ஒப்புதல் கிடைத்த பிறகே மற்ற பதினொன்றையும் கட்டத் தொடங்க வேண்டும். ஆறு வாரத்தில் முதல் வாரம் சந்திப்பும் வரைபடமும், இரண்டாவது மாதிரி வாரம், அடுத்த மூன்று கட்டுமானம், கடைசி வாரம் சோதனை. கட்டுமானத்தில் தாமதம் வந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வாரங்களைச் செமஸ்டர் தொடங்கிய பிறகு முடிக்கலாம். சோதனை வாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீடியோவுக்கு வருவோம். பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் 2014-இல் எட்எக்ஸ் ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களே முழுதாகப் பார்க்கப்படுகின்றன என்று கண்டார்கள். அது இலவசப் பாடம் படிக்க வந்தவர்களைப் பற்றிய ஆய்வு. கட்டணம் கட்டித் தேர்வு எழுதுகிறவர் கொஞ்சம் கூடுதலாகவே பொறுப்பார். அதனால் ஆறு என்பதைச் சட்டமாக்காமல் ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ என்று வையுங்கள். பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது நிமிடத்தில் முடியும். பழைய இரண்டு மணி ரெக்கார்டிங்கைப் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்குவது தீர்வாகாது. "போன வாரம் சொன்னேனே", "அந்தப் பின்வரிசைக்காரர் கேட்ட கேள்வி" என்று ஒவ்வொரு துண்டும் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். எல்லா வாரத்துக்கும் புதிதாகப் பதிவு செய்ய நேரம் இருக்காது. மாணவர் மிகவும் தடுமாறுகிற நான்கைந்து கருத்துகளுக்கு மட்டும் புதிதாக எடுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் பேச்சு, ஆகவே ஆறு நிமிடத்துக்கு 800-900 சொல் எழுத்துப்படி போதும். தேதி, வார எண், அசைன்மென்ட் கெடு ஆகியவற்றை வீடியோவில் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த ஆண்டு அந்த வீடியோ குப்பை. படம் மங்கலாக இருந்தாலும் மாணவர் பொறுப்பார், ஒலி எதிரொலித்தால் மூடிவிடுவார். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தானாக வரும் கேப்ஷன் புள்ளியியல் சொற்களைக் கொன்றுவிடும். கைஸ்கொயர், ஹெட்டரோஸிடாஸ்டிசிட்டி போன்றவற்றையும் எண்களையும் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

க்விஸில் நீங்கள் பெரிய நன்மை செய்யலாம். பலவுள் தெரிவுக் கேள்விக்கு நான்கைந்து விடைகள் வேண்டும் என்ற பழக்கத்தை விடுங்கள். மைக்கேல் ராட்ரிகஸ் 2005-இல் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மூன்றே போதும் என்று காட்டினார். நான்காவதாக வைக்கிற விடை பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுக்காத நிரப்பல். தவறான இரண்டையும் மாணவர் உண்மையில் செய்கிற தவறிலிருந்து எடுங்கள். அதற்குத்தான் முதல் சந்திப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். உதாரணம்: ஒரு ஆய்வில் ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுக்களில் ஒரு விளைவு ஏற்படும் சாத்தியங்களின் விகிதம்; 1 என்றால் வேறுபாடு இல்லை) 1.23, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.8 முதல் 1.9 வரை. இதிலிருந்து என்ன சொல்லலாம்? "இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நிரூபணமாகிறது" என்பது மாணவர்கள் விழுகிற பள்ளம். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு "தவறு" என்று மட்டும் காட்டாமல், "இடைவெளிக்குள் 1 இருப்பதால் தொடர்பு இல்லாமலிருக்கும் வாய்ப்பை இந்தத் தரவால் மறுக்க முடியவில்லை, அதுவே தொடர்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. 1.9 வரை போகிறதே, அந்த முனையைப் பாருங்கள்" என்று எழுதுங்கள். 180 பேருக்கும் அந்த நொடியிலேயே ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி அது. ஒவ்வொரு தவறான விடைக்கும் இப்படி இரண்டு வரி எழுத, கேள்விக்குக் கால் மணி நேரம் ஆகும். ஸ்லைடின் நிறம் மாற்றுகிற நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

மதிப்பெண் உள்ள க்விஸுக்குக் கேள்வி வங்கி வேண்டும். கற்றல் விளைவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது மூன்று இணைக் கேள்விகள் வைத்து, மூடிலைத் தற்செயலாக எடுக்கச் சொல்லுங்கள். க்விஸ் அமைப்பில் விடைகளை எப்போது காட்டுவது என்ற கட்டங்கள் நான்கு நிரையில் இருக்கும்: எழுதும்போது, எழுதி முடித்தவுடன், க்விஸ் திறந்திருக்கும்வரை, மூடிய பிறகு. மதிப்பெண் உள்ள க்விஸில் சரியான விடை கடைசி நிரையில் மட்டும் காட்டப்பட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் முதலில் எழுதியவரின் விடைத்தாள் அரைமணியில் வாட்ஸ்அப்பில் சுற்றும். மூடிலின் மதிப்பெண் பதிவேடான கிரேடுபுக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. மதிப்பெண் போடாத வேலைகளை மொத்தத்தில் சேர்க்காமல் விடுவது மூடிலின் இயல்பு அமைப்பு. முதல் க்விஸில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அறிக்கையே கொடுக்காத மாணவருக்கு மொத்தம் 90 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும். கெடு முடிந்ததும் கொடுக்காதவர்களுக்குப் பூஜ்யம் போட வேண்டும், அல்லது அந்த அமைப்பை மாற்ற வேண்டும்.

கலந்துரையாடல் தளத்தை 180 பேருக்கும் பொதுவாகத் திறந்தால் செத்துவிடும். இருபது பேர் கொண்ட ஒன்பது குழுவாகப் பிரியுங்கள். "நம்பிக்கை இடைவெளி பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் முதல் ஆள் சொன்னதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு அட்டவணையை எடுத்து விளக்க வேண்டும், பிறகு இன்னொருவரின் விளக்கத்தில் மிகைப்படுத்திய ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். தான் எழுதிய பிறகே மற்றவர்களுடையதைப் பார்க்க முடிகிற கேள்வி-பதில் வகைத் தளம் மூடிலில் இருக்கிறது. எழுதியதைத் திருத்துவதற்கான அரைமணி நேரம் முடிந்த பிறகே மற்றவை தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "எனக்கு எதுவும் தெரியவில்லை" என்று அஞ்சல்கள் வரும்.

ஆசை தலைதூக்கும்போதெல்லாம் ஒரு பெருக்கல் செய்துபாருங்கள். வாரம் ஒரு எழுத்து வேலை, ஆளுக்குப் பத்து நிமிடத் திருத்தம் என்றால் 180 பேருக்கு 30 மணி நேரம். பன்னிரண்டு வாரத்துக்கு 360 மணி. திருத்துகிறவர்கள் மணிக்கணக்கில் சம்பளம் பெறுகிற கேஷுவல் ட்யூட்டர்கள். பணம் ஒதுக்காத ஃபீட்பேக்கை நீங்கள் வடிவமைத்தால், ஊதியமில்லாமல் அவர்கள் செய்ய நேரும், அல்லது மாணவருக்கு அது வராமலே போகும். இரண்டுமே அநியாயம். தானியங்கிக் க்விஸ், மாதிரி விடையோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்வது, குழுவுக்கு ஒரே ஃபீட்பேக் ஆகியவற்றால் பெரும்பகுதியைத் தாங்கலாம்.

இறுதி அறிக்கைதான் கடினமான இடம். ஆஸ்திரேலியாவின் உயர்கல்வித் தர முகமையான டெக்ஸா, உருவாக்க செயற்கை நுண்ணறிவை எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்று 2024-இல் எல்லா நிறுவனங்களிடமும் செயல்திட்டம் கேட்டது. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இரு தடமாகப் பிரித்திருக்கிறது: மேற்பார்வையில் நடக்கும் பாதுகாப்பான மதிப்பீடு, செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்யாத திறந்த மதிப்பீடு. வீட்டில் எழுதும் 2000 சொல் அறிக்கையை "சாட்ஜிபிடி கூடாது" என்று ஒரு வரி போட்டுக் காக்க முடியாது; கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டுவதும் முறையல்ல. பேராசிரியரிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: வினாவை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு, வந்த அறிக்கையை அவருடைய ரூப்ரிக்கால் அவரே திருத்தட்டும். அது நல்ல மதிப்பெண் வாங்கினால், ரூப்ரிக் எதற்கு மதிப்பெண் தருகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் சம்மதத்தோடு வினாவை மாற்றலாம்: ட்யூட்டோரியலில் கொடுத்த தரவு, தன் குழுவின் கலந்துரையாடலில் எழுந்த கருத்து வேறுபாட்டைச் சுட்டுதல், மென்பொருளில் ஓட்டிய கோப்பையும் சேர்த்துக் கொடுத்தல். இவற்றால் ஏமாற்றுவது கடினமாகும், ஆனால் நின்றுவிடாது. ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்வி சேர்த்தால் நம்பகம் கூடும். 180 பேருக்கு 15 மணி நேரம், ஆள் மாறும் இடைவெளியோடு 20. இது மதிப்பீட்டு மாற்றமாகக் கருதப்படுமா என்பதை முதல் வாரமே கேட்டுவையுங்கள். இந்த செமஸ்டரில் அதைச் செய்ய முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை இப்போதே தொடங்கலாம்.

ரூப்ரிக்கில் "மிக நன்று, நன்று, சுமார்" என்ற ஏணி யாருக்கும் உதவாது. நான்கு அல்லது ஐந்து அளவுகோல் போதும். ஒவ்வொரு படிக்கும் தாளில் கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாட்டை எழுதுங்கள்: "இடைவெளியின் இரு முனைகளும் நோயாளிக்கு என்ன பொருள் தருகின்றன என்று விளக்குகிறார்" ஒரு படி, "இடைவெளியைக் குறிப்பிடுகிறார், ஆனால் பி-மதிப்பை வைத்தே முடிவு சொல்கிறார்" அடுத்த படி. எழுதியபின் இரண்டு ட்யூட்டர்களிடம் சென்ற ஆண்டுத் தாள் மூன்றைப் பெயர் நீக்கிக் கொடுத்துத் தனித்தனியே திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் எங்கே விலகுகிறதோ அங்கே சொல் மங்கலாக இருக்கிறது.

எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக இருப்பது கடைசியில் பூசுகிற மெருகாக இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1992-ஆம் ஆண்டு மாற்றுத்திறன் பாகுபாட்டுத் தடைச் சட்டமும், அதன்கீழ் வந்த 2005-ஆம் ஆண்டுக் கல்வித் தரநிலைகளும் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. வழக்கமான அளவுகோல், இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின் இரட்டை ஏ நிலை: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. உங்கள் யூனிட்டில் சிக்கல் வரப்போகிற இடம் சூத்திரங்கள். ஸ்லைடில் படமாக ஒட்டிய சூத்திரத்தை, பார்வையற்ற மாணவருக்கு எழுத்தைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியாது. மூடிலில், கணிதக் குறிகளை எழுத்தாகவே எழுதும் லேடெக் முறையில் எழுதினால் முடியும். ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் வெறும் படம்தான், அதையும் எழுத்தாக மாற்ற வேண்டும். "சிவப்பில் உள்ளவை முக்கியமானவை" என்று நிறத்தை மட்டும் நம்பிய வரைபடத்துக்குக் கோட்டு வகையோ குறியோ சேருங்கள். பாடநூல் பக்கங்களை நீங்களே ஏற்றாதீர்கள். கல்விக்கான உரிமத்தின்கீழ் பொதுவாக ஒரு நூலின் 10 சதவீதமோ ஓர் அத்தியாயமோதான் பகிரலாம். நூலகத்தின் வாசிப்புப் பட்டியல் வழியாகப் போனால் அந்தக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கெடு நேரத்தை ஞாயிறு நள்ளிரவு என்று வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அப்போது உதவி மையத்தில் ஆள் இருக்காது. திங்கள் மாலை ஐந்து மணி என்றால் வேலைக்குப் போகிற மாணவருக்கு வார இறுதியும் கிடைக்கும், ஏதாவது பழுதானால் கேட்க ஆளும் இருப்பார்கள். உங்கள் செமஸ்டருக்கு இன்னொன்றும் உண்டு: ஏப்ரல் முதல் ஞாயிறு மெல்பர்னில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், பிரிஸ்பேனிலும் பெர்த்திலும் மாறாது. மாலை ஆறு மணி நேரலை வகுப்பு பெர்த் மாணவருக்கு மார்ச்சில் மூன்று மணிக்கு, ஏப்ரலில் நான்கு மணிக்கு. சென்னையில் இருந்து படிக்கிறவருக்குப் பகல் பன்னிரண்டரை, பிறகு ஒன்றரை. அறிவிப்பில் ஊர்ப்பெயரோடு நேரத்தை எழுதுங்கள்.

சோதனை வாரத்தில் மூடிலின் "மாணவராக மாறிப் பார்" வசதியை மட்டும் நம்பாதீர்கள். குழு அமைப்பு, சமர்ப்பிப்பு, மதிப்பெண் பக்கம் ஆகியவை அதில் சரியாகத் தெரியாது. ஒரு சோதனை மாணவர் கணக்கு கேட்டு வாங்கி, கைப்பேசியில், வீட்டு வைஃபை அணைத்து, நான்காம் வாரத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். முடிந்தால் சென்ற ஆண்டு படித்த ஒரு மாணவரிடம் ஊதியம் கொடுத்து அதே வாரத்தைக் கடிகாரம் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் 40 நிமிடம் அவருக்கு 75 நிமிடமாக இருக்கும். இப்போது குறைக்கலாம்; ஏப்ரலில் முடியாது.

முதல் க்விஸ் முடிந்ததும் அதன் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து பாருங்கள்; உங்கள் பழைய படிப்பு அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். எத்தனை சதவீதம் பேர் சரியாகச் செய்தார்கள், நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டியதா என்ற இரண்டு குறியீடுகள் இருக்கும். பிரித்துக் காட்டும் குறியீடு எதிர்மறையாக இருந்தால் பத்துக்கு ஒன்பது முறை விடைக்குறிப்பே தவறாக இருக்கும், அல்லது கேள்வியில் இருபொருள் இருக்கும். அதைப் பேராசிரியரிடம் அன்றே சொல்லி மதிப்பெண்ணைத் திருத்துங்கள்.

ஸ்டோரிலைன் நிறுவனப் பயிற்சித் துறையில் அதிகம் கேட்கப்படும் கருவி. பல்கலைக்கழக யூனிட்டுக்கு மூடிலும், அதற்குள் ஊடாடும் பயிற்சிகள் செய்ய உதவும் எச்5பி-யும் போதும். ஸ்டோரிலைனில் கட்டியதை நீங்கள் போன பிறகு பேராசிரியரால் ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது என்பது அதன் பெரிய குறை. ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, எச்இடபிள்யூ (பல்கலைக்கழக அலுவலர்களின் பணிநிலை) ஏழு, எட்டு நிலைகளில் தேர்வுக்குழு பார்ப்பது நீங்கள் எடுத்த முடிவுகளையும் அதன் காரணங்களையும்தான். ஆகவே அந்த நான்கு பத்தி விரிதாளின் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும், க்விஸ் குறியீடுகளையும், மாற்றப்பட்ட வினாவையும் மாணவர் விவரம் எதுவும் இல்லாமல், பேராசிரியரின் அனுமதியோடு சேமித்துவையுங்கள். கல்வித் தொழில்நுட்பத் துறையினரின் ஆஸ்கிலைட் அமைப்பு நடத்தும் சிமால்ட் ஆஸ்திரலேசியா தொழில்முறைச் சான்றிதழுக்கும் இதே கோப்புதான் தேவைப்படும்.